ராஜாங்கம் கொண்டுவந்த பச்சை ஐஸ்கிரீம்

அம்புஜவல்லிக்கு எதைக் கண்டாலும் சட்டென்று அருவருப்பு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இன்னொருவர் வாய் வைத்துக் குடித்த தம்ளரைத் தொடமாட்டாள். பாலில் ஆடை மிதந்து உதட்டில் ஒட்டினால் அப்படியே கீழே வைத்துவிடுவாள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை ரசம் ஓடிவந்து தன் இலையைத் தொட்டுவிட்டால் அத்தோடு எழுந்துவிடுவாள். "இவளைக் கட்டிக்கிட்டு எவன் என்ன பாடு படப்போறானோ" என்று அம்மா சொர்ணாம்பாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்பா விருத்தகிரி, விருத்தாசலம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் வீடு. அம்மாவுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம் என்பதால் அந்தக் கோயில் தாயாரின் பெயரையே மகளுக்கு வைத்திருந்தார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. பதினாறு பதினேழு வயதில் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த ஊறுகாய் ஜாடி, கப்பு, சாசர் எல்லாவற்றின் விளிம்பையும் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகத் தயார்செய்கிற வேலை. வெள்ளை மண் குழம்பு முழங்கைவரை ஏறும், தலைமுடியில் ஒட்டிக் காயும், அவளுக்கு ஒன்றும் தோன்றாது. அதே பட்டறையில் மத்தியானம் யாராவது கருவாட்டுக் குழம்புத் தூக்கைத் திறந்துவிட்டுக் கை கழுவாமல் அவள் ஸ்பாஞ்சைத் தொட்டுவிட்டால் மட்டும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு கேட்பாள்.

அந்தக் காலத்தில் ஊரில் ஐஸ் என்றால் சைக்கிள் பெட்டியில் வருகிற குச்சி ஐஸ்தான். சிவப்பு, மஞ்சள், அப்புறம் நுனியில் கொஞ்சம் சேமியா ஒட்டிய பால் ஐஸ். அம்புஜத்துக்கு அந்தச் சேமியா ஐஸ் பிடித்திருந்தது. ஒருநாள் ஐஸ்காரர் உருகி வழிந்த ஒன்றை எடுத்து, சுற்றிலும் நாக்கால் வழித்துவிட்டு, திரும்பப் பெட்டிக்குள் வைத்ததைப் பார்த்தாள். அன்றோடு அதுவும் போயிற்று.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர் தாய்மாமன் சாமிதுரை. மாப்பிள்ளை ராஜாங்கத்துக்குச் சொந்த ஊர் விழுப்புரம். மதராஸில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம்.

"வெயிலு தெரியாத வேலை, அக்கா. உள்ளார போயி நின்னா மார்கழி மாசம் மாதிரி இருக்குது. நம்ம பொண்ணு மண்ணுல கெடந்து அல்லாடறதுக்கு, அங்க போயி ராணியாட்டம் இருக்கலாம்" என்றார் சாமிதுரை.

ராஜாங்கம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தான். முழுக்கைச் சட்டை, வகிடு எடுத்த தலை, வாய் ஓயாத பேச்சு. ஃபேன் எப்படிச் சுற்றுகிறது என்பதிலிருந்து மதராஸில் டிராம் ஏன் நின்றுபோனது என்பதுவரை எல்லாவற்றுக்கும் அவனிடம் விளக்கம் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவள் வைத்த பஜ்ஜியை ஒரு கடி கடித்துவிட்டு, கடலைமாவில் சோடாவுப்பு எவ்வளவு போட வேண்டும் என்று சொர்ணாம்பாளுக்குச் சொல்லிக்கொடுத்தான். பிடிக்கவில்லை என்று சொல்ல அம்புஜத்திடம் காரணம் எதுவும் இல்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லும்படி அவளை யாரும் கேட்கவும் இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். தட்டு மாற்றி, அம்புஜத்தின் தலையில் பூ வைத்து, வைகாசியில் கல்யாணம் என்று நாள் குறித்தாயிற்று. சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. அப்போதுதான் ராஜாங்கம் எழுந்து, மூலையில் ஈரச் சாக்குச் சுற்றி வைத்திருந்த ஒரு பெரிய வாயகன்ற ஃபிளாஸ்க்கை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தான்.

"பாயசமெல்லாம் யாரு வேணா குடுப்பாங்க. இது போன வாரந்தான் எங்க கடையில புதுசா போட்டது. பிஸ்தா. மதராஸ்ல இதுக்கு ஜனம் வரிசையில நிக்குது" என்றான்.

மதராஸிலிருந்து விழுப்புரம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம். விழுப்புரத்தில் சாக்குக்குள் சுற்றிலும் ஐஸ் கட்டியும் உப்பும் மாற்றி அடைத்து, மறுபடி மடியில். அவனுடைய அம்மா இதைச் சொல்லும்போது, பிள்ளை சாமி விக்கிரகத்தைச் சுமந்து வந்ததுபோல அவள் முகத்தில் ஒரு பெருமை.

அம்புஜம் கப்புகளை எடுத்துவந்து வைத்தாள். பட்டறையில் லேசாகக் கோணிப்போனதென்று கழித்துக் கொடுத்த கப்புகள். ராஜாங்கம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "கோணலா இருக்குதே" என்று சிரித்துவிட்டு, ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினான்.

உள்ளே பச்சையாக ஏதோ இருந்தது. இலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சையும் இல்லை. கோடையில் தண்ணீர் வற்றின குளத்து ஓரத்தில் திரண்டு கிடக்குமே பாசி, அந்தப் பச்சை. பாதி உருகிவிட்டது. ஓரமெல்லாம் நுரை. நடுவில் ஒரு கட்டி மட்டும் இன்னும் கரையாமல் ஆடிக்கொண்டிருந்தது. கரண்டியால் அள்ளி ஊற்றும்போது கொழகொழவென்று இழுபட்டுக் கப்பில் விழுந்தது. மேலே எண்ணெய் மினுமினுத்தது. இடையிடையே ஊறிப்போன ஏதோ ஒரு பருப்பின் துண்டுகள், வெந்த தோல்போல மெத்தென்று.

வாசனை முதலில் வந்தது. எங்கேயோ பழகின வாசனைதான். என்னவென்று பிடிபடவில்லை. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அம்புஜம் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள்.

ஜில்லென்று ஒரு கணம் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் குளிர் விலகினவுடன் மற்றதெல்லாம் வந்தது. திகட்டுகிற இனிப்பு, அதற்கடியில் உப்பு, ஐஸ் உருகின உப்புத்தண்ணீர் எப்படியோ உள்ளே கசிந்திருக்க வேண்டும். அண்ணத்தில் மெழுகுபோல ஒரு கொழுப்புப் படலம் அப்பிக்கொண்டது. நாக்கால் வழித்தால் நாக்கிலும் ஒட்டியது. அந்த வாடை இப்போது வெளியிலிருந்து வரவில்லை, தொண்டைக்குள்ளிருந்து மூக்குக்கு ஏறியது. அப்போதுதான் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. பாசஞ்சர் வண்டியின் மரப்பெஞ்சில், டூரிங் கொட்டகை நாற்காலியில், வீட்டில் கயிற்றுக்கட்டிலின் முடிச்சில், நகத்தால் மூட்டைப்பூச்சியை நசுக்கினால் வருமே ஒரு வாடை, அதேதான். அச்சு அசல் அதேதான். வாயில் இருந்த பருப்புத் துண்டு பல்லில் பட்டு நசுங்கியதும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

எப்படியோ விழுங்கினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சுற்றிலும் மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "நல்லா இருக்குதுங்க" என்றாள் சொர்ணாம்பாள். சாமிதுரை ஒரே மடக்கில் கப்பைக் காலி செய்துவிட்டு, "மதராஸ் மதராஸ்தான் மாப்ள" என்றார். விருத்தகிரி ஸ்பூனை நக்கினார்.

"எப்படி இருக்கு?" என்று ராஜாங்கம் அம்புஜத்தைக் கேட்டான்.

பொய் தேட அவளுக்கு நேரமில்லை, வாயைத் திறந்தால் அந்த வாடை மறுபடி மேலே வந்துவிடும் என்று பயமாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு சுருக்கமாகச் சொன்னாள்.

"மூட்டைப்பூச்சி வாடை அடிக்குதுங்க."

ராஜாங்கம்தான் முதலில் சிரித்தான்.

"மொத தடவை அப்படித்தான் தெரியும். பழகாத நாக்கு. எங்க கடைக்கு வர்ற பெரிய மனுஷங்களே முதல்ல முகத்தைச் சுளிப்பாங்க. ரெண்டாவது ஸ்பூன்லதான் ருசி புடிபடும். சாப்டு."

"போதுங்க."

"ஒரு ஸ்பூன்."

"வேணாங்க. கொமட்டுது."

அவன் தன் கப்பிலிருந்து, தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்பூனாலேயே, கரையாமல் கிடந்த கட்டியை வெட்டி எடுத்தான். அவன் எச்சில் அந்த ஸ்பூனில் பளபளத்ததை அம்புஜம் பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் இடது கையால் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பி, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல இரண்டு கன்னத்தையும் அமுக்கினான். உதடு தானாகத் திறந்தது. ஸ்பூன் உள்ளே போனது. பல்லில் இடித்து, நாக்கை அழுத்தி, அந்தப் பச்சைக் குழம்பு முழுதும் அவள் வாய்க்குள் சரிந்தது.

"முழுங்கு, முழுங்கு, அவ்வளவுதான்" என்றான், சிரித்த முகம் மாறாமல்.

"அவன் சின்னதுலேருந்தே இப்படித்தான், சாப்புட வைக்காம வுடமாட்டான்" என்று அவன் அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் கை எடுத்த மறுநொடி அம்புஜம் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினாள். கிணற்றடியில் குனிந்து துப்பினாள். துப்பத் துப்பப் பச்சை வந்துகொண்டே இருந்தது. ஓங்கரித்து, நிச்சயதார்த்தச் சாப்பாடு முழுவதையும் வெளியே கொட்டினாள். தண்ணீரால் கொப்பளித்தாள், உப்பைப் போட்டுத் தேய்த்தாள், பல்பொடியால் நாக்கை வழித்தாள். அண்ணத்தில் ஒட்டியிருந்த படலம் போகவில்லை. தாடையில் அவன் விரல் பட்ட இடத்தையும் சீயக்காய் போட்டுக் கழுவினாள். உள்ளே கூடத்தில் இன்னொரு சுற்றுப் பரிமாறுகிற சத்தமும், மாமா "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாப்ள" என்று கேட்பதும் காதில் விழுந்தது.

சாயங்கால வண்டிக்கு எல்லோரும் கிளம்பிப்போன பிறகு, சொர்ணாம்பாள் கொல்லையில் உட்கார்ந்து கப்புகளைக் கழுவினாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் பிசுக்கு விடவில்லை. அவளும் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் தேய்த்தாள்.

"சனியன், இந்த வாடை போவே மாட்டேங்குது" என்றாள் தனக்குள்.

அம்புஜம் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கும் அடிச்சுதாம்மா?"

"அடிக்காம? எனக்கு மூக்கு இல்லியா?"

"அப்புறம் ஏன் நல்லா இருக்குதுன்னு சொன்ன?"

"பின்ன என்னடி சொல்றது. மாப்ள ஆசையா மடியில கட்டிக்கிட்டு வந்திருக்காரு."

"மாமா ரெண்டு தடவை வாங்கிச் சாப்டாரே."

சொர்ணாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் நடுவுல எழுந்து போயி வேலிக்கிட்ட வாந்தி எடுத்துட்டு வந்தான். வந்துதான் இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டான்."

அம்புஜத்துக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தப் பண்டம்கூட ஒரு நேரத்து அருவருப்பு, நாலு நாளில் போய்விடும். ஒரு கூடம் நிறைய ஆட்கள், எல்லோருக்கும் அதே குமட்டல், எல்லோரும் விழுங்கிவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். தன் வாயைப் பிளந்து ஊற்றும்போதும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. தானும் இனி ஆயுசு முழுக்க அப்படி விழுங்கிவிட்டுச் சிரிக்க வேண்டும்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா" என்றாள்.

வீட்டில் பெரிய ரகளையாகிவிட்டது. சாமிதுரை மறுநாளே வந்து குதித்தார். தட்டு மாத்தின சம்பந்தம், ஒரு வாய் ஐஸ்கிரீமுக்காக முறிப்பாங்களா, ஊரில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது என்று கத்தினார். "புடிக்கலேன்னா முழுங்கிட்டுப் பேசாம இருக்கணும். நானெல்லாம் முழுங்கல?" என்றார்.

"நீங்க முழுங்கலயே மாமா, வேலிக்கிட்ட போயிட்டு வந்தீங்களே" என்றாள் அம்புஜம்.

அவர் அதன்பிறகு அவளிடம் நேராகப் பேசவில்லை. அக்காவிடம்தான் பேசினார். அம்மா அழுதாள், கெஞ்சினாள், சாப்பிடாமல் படுத்தாள். விருத்தகிரி டூட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அந்த வாரக் கடைசியில், காலை டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே மகளைக் கூப்பிட்டார்.

"மாப்ள ஒன் தாடையைப் புடிச்சப்போ நான் வெத்திலைத் தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். "நிமிந்து பாத்திருந்தா எதாவது சொல்லியிருக்கணும். அதனாலதான் நிமிரல."

கழற்றின சட்டையை ஆணியில் மாட்டினார்.

"ஞாயித்துக்கிழமை விழுப்புரம் போயி சொல்லிட்டு வரேன்" என்றார்.

போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஆனால் ராஜாங்கத்துக்கு அது புரியவே இல்லை. வைகாசி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை வாசலில் வந்து நின்றான். கையில் அதே ஃபிளாஸ்க். வெயிலில் வேர்த்து, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பெண்கள் எல்லோரும் தூக்கை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பிஸ்தா புடிக்கல, அவ்வளவுதானே? அதுக்கா இவ்வளவு பெரிய பேச்சு? இது வெனிலா. இது புடிக்காதவங்களே கிடையாது" என்றான். குரலில் கோபம் இல்லை. ஆசையாகத்தான் சொன்னான்.

"வேணாங்க" என்றாள் அம்புஜம்.

"ஒரு ஸ்பூன் சாப்டுட்டுச் சொல்லு."

"வேணாங்க."

"நான் இதுக்காக மதராஸ்லேருந்து வந்திருக்கேன். ஒரே ஒரு வாய்."

அவன் மூடியைத் திருகி, ஸ்பூனை உள்ளே விட்டு எடுத்து நீட்டினான். அது வாயை நோக்கி வந்ததும் அம்புஜம் மண் ஒட்டிய தன் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். பொத்தினபடியே பின்னால் நகர்ந்தாள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

பட்டறையில் அவள் பக்கத்து மேசையில் வேலை செய்கிற அமிர்தம் நடுவில் வந்து நின்றாள். இரண்டு பிள்ளை பெற்றவள், வாட்டசாட்டமான உடம்பு. ராஜாங்கத்தின் கையிலிருந்த ஸ்பூனை வாங்கி, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"இது நல்லாத்தாங்க இருக்குது" என்றாள் சப்புக்கொட்டிக்கொண்டு. "ஆனா அந்தப் பொண்ணு வேணாங்குது, பாருங்க."

ராஜாங்கம் அம்புஜத்தைப் பார்த்தான். வாயைப் பொத்தின கையை அவள் எடுக்கவில்லை. கைக்கு மேலே அவள் கண்ணில் இருந்தது பயம் இல்லை, கோபமும் இல்லை. சாக்கடையைத் தாண்டும்போது இருக்குமே, அந்தப் பார்வை. அது அவனுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. முகம் செத்துப்போனது. ஃபிளாஸ்க்கை அங்கேயே வைத்துவிட்டு ஜங்ஷன் பக்கமாக நடந்தான். பெண்கள் அதைப் பங்குபோட்டுத் தின்றார்கள். அம்புஜம் ஸ்பாஞ்சை நனைத்துக்கொண்டு ஜாடி விளிம்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஊரில் அவளுக்கு "ஐஸ்கிரீம் அம்புஜம்" என்று பெயர் விழுந்தது. ஐஸ்கிரீம் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையை வேண்டாமென்றவள் என்று பஸ் ஸ்டாண்டுவரை பேச்சு. திமிர் என்றார்கள், பைத்தியம் என்றார்கள். மூன்று நாலு வருஷம் எந்த வரனும் வாசல் ஏறவில்லை. சொர்ணாம்பாள் கோயில் கோயிலாகப் போய்வந்தாள். அம்புஜம் வேலைக்குப் போய்வந்தாள். இருபத்தைந்து தாண்டிவிட்டது.

எழுபத்து மூன்றில் அமிர்தம்தான் ஒரு ஆளைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய வீட்டுக்காரருக்கு உறவு, கொளஞ்சியப்பன் என்று பெயர். தொழிற்பேட்டையிலேயே இன்னொரு பட்டறையில் சூளை அடுக்குகிறவன். சூளை வெக்கையில் கறுத்து, புருவம் பாதி பொசுங்கிப்போன ஆள். பெண் பார்க்க வந்தவனிடம், இத்தனை வருஷத்துக் கோபத்தை மறக்காத சாமிதுரை, முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"தம்பி, பின்னால நீங்க எங்களைக் குத்தம் சொல்லக்கூடாது. இந்தப் பொண்ணு முன்ன ஒரு மாப்ளைய, ஐஸ்கிரீம் புடிக்கலேன்னு..."

"கேள்விப்பட்டேங்க" என்றான் கொளஞ்சியப்பன். "எனக்கும் அது புடிக்காதுங்க. பல்லு கூசும்."

அதற்குமேல் அவன் அன்று பேசவில்லை. கேசரி சாப்பிட்டான். அம்புஜம் இரண்டாம் தடவை வைக்க வந்தபோது போதும் என்று கையைக் குறுக்கே காட்டினான். அவளும் உடனே கரண்டியைத் திருப்பிக்கொண்டாள்.

ஆவணியில் மணவாளநல்லூர் கோயிலில் தாலி கட்டினார்கள். மறுநாள் அம்மாவின் பிறந்த வீட்டுச் சொந்தங்கள் விருந்துக்குக் கூப்பிட்டிருந்ததால், புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏறினார்கள். தனியார் பஸ், நிற்க இடமில்லாத கூட்டம். ஒரே சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். காலையில் அம்புஜத்தின் வீட்டில் போட்ட இட்லியும் கறிக்குழம்பும் கொளஞ்சியப்பனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலும். அவன் பஸ் ஏறியே பழக்கமில்லாதவன். கருவேப்பிலங்குறிச்சி தாண்டும்போது அவன் முகம் வெளுத்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அம்புஜம். அவளைத் தாண்டித் தலையை வெளியே நீட்டுவதற்குள் வந்துவிட்டது. பாதி ஜன்னலுக்கு வெளியே, மீதி அவளுடைய கூறைப்புடவையில்.

புளித்த வாடை குப்பென்று எழும்பியது. பஸ்ஸில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அம்புஜம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது என்ன செய்ய வேண்டும், பெண்டாட்டி என்றால் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமோ, சிரிக்க வேண்டுமோ என்று தெரியாமல் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

கொளஞ்சியப்பன் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"ரொம்ப நாறுது. நீ முன்னால போயி அந்த அம்மா பக்கத்துல உக்காந்துக்க. நான் தொடைச்சிட்டு வரேன்."

"புடவையில..."

"எறங்கினதும் அலசிக்கலாம். கொமட்டுனா ஏன் உக்காந்திருக்க, போ."

அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். உண்மையாகத்தான் சொல்கிறான் என்று தெரிந்ததும் எழுந்து, நனைந்த முந்தானையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன் சீட்டில் ஜன்னலோரம் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவியின் பக்கத்தில், கூடையை நகர்த்திவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். கிழவி அவளையும் அவள் புடவையையும் பார்த்துவிட்டு, "புருஷனுக்கு ஒடம்புக்கு முடியல, இப்படியா வுட்டுட்டு வருவ?" என்று கேட்டாள்.

"அவருதாங்க போவச் சொன்னாரு" என்றாள் அம்புஜம். ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, கரும்புத் தோட்டத்துக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தாள்.